கேள்வி ஞானம்

“அவனுக்கென்ன தெரியும்? எல்லாம் வெறுங் கேள்வி ஞானம்!” என்று பிறரை எள்ளும் வழக்கம் நம்மவரிடையே, சிறப்பாக நாலெழுத்துப் படித்தவரிடையே, வேரூன்றிக் கிடக்கின்றது. தான் பட்டறியாது, பிறர் பட்டதைச் செவிவழிப் பெற்றது கேள்வி ஞானம். ஆதலின் அஃது இரவற் பொருள் என்பது அவர்தம் வாதம். சொல்லின் பிறப்பை எண்ணிப் பார்த்தவர் இங்ஙனம் பேசத் துணியார்.

‘கேள்’ என்னும் வேரினின்று கிளைத்தது கேள்வி. செவியால் ஏற்றலும் அதன் பொருள். வினவுதலும் அதன் பொருள். கன்னடத்திலும் அவ்வேர் இவ்விரண்டையும் குறிக்கும். கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்த வள்ளுவர், நூல் கல்லாதவனும் கேட்டறிய வேண்டுமென்றார். தொல்காப்பியரோ, ‘என்ப’ என்று முன்னோர் கூற்றாகவே பல விதிகளை உரைக்கின்றார். அவரும் வெறுங் கேள்வி ஞானிதாமோ? பண்டிதர்கள் விடை பகர்வார்களாக!

வினவாத செவி கேடு தரும் என்பதை யாம் மறுக்கவில்லை. கங்காணி தன் ஊர் சென்று மலாயாவின் வளத்தைப் புனைந்துரைக்க, கேட்டுக் கப்பலேறியவர் எத்தனை ஆயிரவர்! 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை அக்கதை நடந்தது. திருப்பி வினவ அவர்தம் வயிறு இடந்தரவில்லை.

அவ்வாறு வந்த மக்களுட் பலரை, ஜப்பானியர் ஆட்சியில், ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அங்கே உழைத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினர். மீண்டபின் நூல்கள் எழுதினர். மாண்டவருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. நம்மவர்க்கோ? ஆசியத் தொழிலாளர் பல பத்தாயிரவர் மடிந்தனர் என்று மதிப்பிடுகின்றார்களேயன்றி, அவர்தம் பெயர்களை முற்றாகத் தரும் பட்டியல் ஒன்றுமில்லை. வாந்திபேதியில் வீழ்ந்தவன் எந்தத் தோட்டத்தான், அவன் மனைவி எத்தனை ஆண்டு காத்திருந்தாள் என்பன எந்த ஏட்டில் உள்ளன? தப்பி வந்தவர் லயத்து வாசலில் உட்கார்ந்து சொன்னவையே பெரிதும் நமக்கு எஞ்சியவை.

இதனையும் ‘வெறுங் கேள்வி’ என்று தள்ளுவீரோ? தள்ளினால் அம்மனிதர் இறந்தனர் என்பதற்கே சான்றில்லாமற் போம்!

யாம் குறை காண்பது வேறிடத்தில். பாட்டன் சொல்லக் கேட்டேன் என்கின்றான் பேரன். எந்த முகாம், உடன் சென்றவர் யார், அவருள் மீளாதவர் எவர் என்று திருப்பி வினவினானா? இல்லை. கேள்வியின் ஒரு பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டான். போருக்குப் பின் எண்பது ஆண்டுகள் கழிந்தன, பாட்டன் இல்லை. அவரோடு வளர்ந்த கிழவி ஒருத்தி பக்கத்து வீட்டில் இன்னும் இருக்கக்கூடும்.