நித்தியகல்யாணியும் மரத்துப்போகும் காலும்

திருவண்ணாமலை வட்டாரத்தில் வேலியோரம் தானாகப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணி, ஆடு மாடு வாய் வைக்காத செடி. ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் மருந்து இதன் இலையிலிருந்துதான் கிடைத்தது. அமெரிக்காவில் 1963-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. மிகச் சிறிதளவு மருந்துக்கே ஏராளமான காய்ந்த இலை வேண்டும்.

இதைக் கேள்விப்பட்டு நோயாளிக்கு இலைக் கஷாயம் கொடுப்பது கூடவே கூடாது என்பது நம் கருத்து. டாக்டர்கள் மில்லிகிராம் கணக்கில் ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து இது. கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று வீட்டில் யார் அளப்பது?

அளந்து கொடுத்தாலுமே இம்மருந்து நரம்பைத் தாக்கும். புற்றுநோய்ச் செல் பெருகத் தேவையான நுண்குழாய்களை இது குலைக்கிறது. நரம்புக்குள் சத்து போய்ச் சேரவும் அதே நுண்குழாய்களே பாதை. ஆகவே நீண்ட நரம்புகளின் நுனியான விரல்களும் பாதமும் முதலில் மரத்துப்போகின்றன.

மஞ்சளிலுள்ள குர்குமின் இந்தச் சேதத்தைக் குறைப்பதாக எலிகளில் நடந்த சோதனைகள் கூறுகின்றன. மனிதரிடம் அது நிரூபணமாகவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் 2020-ல், இதை வராமல் தடுக்க எந்த மருந்தையும் சிபாரிசு செய்யவில்லை. குழம்புக்கு மஞ்சள் சரி. குர்குமின் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

மரத்த காலில் முள் தைத்தாலும் மண்வெட்டி பட்டாலும் தெரியாது. வயலானாலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையானாலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். இரவில் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மதமதப்பு தொடங்கியதுமே டாக்டரிடம் தெரிவியுங்கள். மருந்தின் அளவை மாற்ற வழியுண்டு. பயந்துபோய்ச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.