அந்தக் குரலுக்கு ஒரு பெயர் உண்டு

தியானப் பகுதி: யாக்கோபு 5:1-6



மின்னணு இசையைக் குறித்து விசுவாசிகள் நடுவே பேச்செழும்போதெல்லாம் கண்டனம் ஒரே திசையில்தான் பாய்கிறது. அது உலகப்பிரகாரமான இரைச்சல், இயந்திரத்தின் ஓசை, ஆட்டத்துக்கான தாளம் என்கிறோம். இதில் எனக்கு உடன்பாடில்லை. இயந்திரம் பாவஞ்செய்வதில்லை, 150ஆம் சங்கீதம் கைத்தாளத்தையும் நடனத்தையும் ஆலயத்துக்கு வெளியே நிறுத்தவில்லை. நாம் கோபப்பட வேண்டிய இடம் வேறொன்று உண்டு. அங்கேயோ நாம் வாய் திறப்பதில்லை.

மோபி என்ற பெயரை உங்கள் பிள்ளைகளாவது கேட்டிருப்பார்கள். 1965இல் நியூயார்க்கில் பிறந்த ரிச்சர்ட் மெல்வில் ஹால் என்பவரே அவர். இரவு விடுதிகளில் இசைத்தட்டு சுழற்றத் தொடங்கி, 1991இல் ‘கோ’ என்ற பாடலால் அறியப்பட்டார். பிறர் பதிவுசெய்த பாட்டைப் பிரித்து வேறு தாளத்தில் கோக்கும் ரீமிக்ஸ் வேலையிலும் தேர்ந்தவர். மைக்கேல் ஜாக்சனின் பாடல்களும் அவர் கைக்கு வந்தன. 1996இல் வெளியிட்ட ‘அனிமல் ரைட்ஸ்’ தோல்வியடைந்தது. 1999இல் ‘ப்ளே’ வந்தது. முதலில் வானொலிகள் அதைச் சட்டைபண்ணவில்லை. ஆகவே அதிலிருந்த 18 பாடல்களுக்கும், ஒன்றுகூட விடாமல், விளம்பரங்களிலும் திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் பயன்படுத்த உரிமம் விற்கப்பட்டது. அதன்பின் அது உலகெங்கும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அந்தத் தொகுப்பின் உயிர் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

‘நேச்சுரல் ப்ளூஸ்’ என்ற பாடலில் ஒரு பெண் தன் துன்பத்தை ஆண்டவரிடம் முறையிடுகிறாள். அவள் பெயர் வீரா ஹால். அலபாமா மாநிலத்தில் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரின் அருகே பிறந்த கறுப்பினப் பெண். துணி வெளுத்தும் வீடுகளில் சமைத்தும் பிழைத்தவர். பாப்டிஸ்ட் சபையில் பாடியவர். 1937இல் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிவந்த ஜான் லோமாக்ஸ் அவரைப் பதிவுசெய்தார். பிற்பாடு மகன் ஆலன் லோமாக்ஸும் பதிவுசெய்தார். 1964இல் வீரா ஹால் இறந்தார். (மோபிக்கும் அவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றாயிருப்பது தற்செயல்.) அவர் மறைந்து 35 ஆண்டுகளுக்குப் பின், ஆலன் லோமாக்ஸ் திரட்டிய பதிவுகளின் தொகுப்பிலிருந்து அந்தக் குரல் வெட்டியெடுக்கப்பட்டு, பியானோவும் முரசும் அடியில் வைக்கப்பட்டு, உலகச் சந்தைக்குப் போயிற்று. ‘ஹனி’ பாடலில் ஒலிப்பது பெஸ்ஸி ஜோன்ஸ் என்ற பெண்மணியின் குரல். ‘ரன் ஆன்’ என்பதோ தேவனுடைய நியாயத்தீர்ப்பைப் பற்றி எச்சரிக்கும் பழைய சுவிசேஷப் பாடல். அதுவும் அந்த 18இல் ஒன்று! நியாயத்தீர்ப்பையே பொருட்களுக்குப் பின்னணி இசையாக உரிமமிட்டு விற்கத் துணிந்த உலகத்தைக் கண்டு நாம் சிரிப்பதா, அழுவதா?

நியாயமாய்ப் பேசுவோம். மோபி திருடினார் என்று நான் சொல்லவில்லை. அப்பதிவுகளைத் திரட்டியவர்களுக்குத் தம் தொகுப்பிலேயே நன்றி தெரிவித்திருக்கிறார். கிறிஸ்துவின் போதனைகள்மேல் தமக்குள்ள பற்றை 1990களிலேயே வெளிப்படையாக எழுதியவர். மாணவர்களும் சிறிய படைப்பாளிகளும் தம் இசையைக் கட்டணமின்றிப் படங்களில் பயன்படுத்த 2007 முதல் வழிசெய்து கொடுத்தவர். பின்வருகிறவர்களுக்கு இத்தனை தாராளம் காட்டிய ஒருவரின் புகழ், முன்சென்றவர்களின் தொண்டையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதே என்னை உறுத்துகிறது. பதிவின் உரிமை யாரிடம் இருக்கிறது என்றுதான் சட்டம் கேட்கும். ஒலிவாங்கியைப் பிடித்தவர் யார், பாடியவர் யார் என்ற வேறுபாட்டைப் பற்றி அதற்கு அதிகக் கவலையில்லை. சட்டப்படி சரி என்பதும் நீதி என்பதும் ஒன்றல்ல என்பதை, அறுவடைக்காரரின் கூலியைப் பற்றி யாக்கோபு எழுதியதை வாசித்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“லட்சக்கணக்கானோர் அவள் குரலைக் கேட்டார்களே, அது போதாதா?” என்பீர்கள். அவர்கள் கேட்டது என்ன? புலம்பல் என்பது வேதத்தில் ஒரு பயணம். கண்ணீரில் புறப்பட்டு எங்கேயோ போய்ச் சேருகிறது. (88ஆம் சங்கீதம் மாத்திரம் இருளிலேயே முடிகிறது, அதுவும் முடிகிறது.) சாம்பிள் எடுத்த குரல் போய்ச் சேருவதில்லை. சில வரிகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. மன்றாட்டு மனநிலையாகிவிடுகிறது, யாரிடம் மன்றாடினாள் என்பது கேட்பவனுக்கு அவசியமில்லாமற் போகிறது.

இன்னொரு வாதம் நம் சபைகளுக்கே உரியது. ஆகையால் அதிக ஆபத்தானது. “பெயர் எதற்கு? தேவன் அறிவார். மகிமை அவருக்கே.” கேட்க எவ்வளவு பக்தியாக இருக்கிறது! ஆனால் தாழ்மை என்பது ஒருவர் தாமே தெரிந்துகொள்வது. அதை அடுத்தவர்மேல் சுமத்துவதற்கு வேறு பெயர் உண்டு. வீரா ஹால் தம் பெயரை மறைக்கும்படி யாரிடமும் கேட்கவில்லை. மேடையில் நிற்பவரின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகும்போது இந்த வசனம் நமக்கு நினைவுக்கு வருவதில்லை. சமைத்தவளின், வெளுத்தவளின் பெயர் வரும்போதுதான் வருகிறது. தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மேய்ப்பரைப் பற்றி ஞாயிறுதோறும் பேசுகிற நாம், “யாரோ ஒரு கறுப்பினப் பெண் பாடியது” என்று சொல்லிவிட்டு எப்படி நகர முடிகிறது?

ஆகவே இந்த வாரம் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அந்தப் பாட்டு ஒலித்தால் நிறுத்தச் சொல்லாதீர்கள். “இது யாருடைய குரல்?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். “மோபி” என்றால், “இல்லை” என்று சொல்லுங்கள். பிறகு சேர்ந்து உட்கார்ந்து மூலத்தைத் தேடிக் கேளுங்கள். 1939இல் லோமாக்ஸ் தென்மாநிலங்களில் எடுத்த பதிவுகளை வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. வீரா ஹாலின் குரல் அவற்றில் இருக்கிறது. முரசு இல்லை, பியானோ இல்லை. பழைய இசைத்தட்டின் உரசலுக்கு நடுவே ஒரு பெண் தனியாகப் பாடுகிறார்.