அழுத்தினால் பொன்னாகும் கறுப்புப் பொருள்

ஞாயிறு மாலை சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்கு வந்து பழகியவர்களுக்குத் தெரியும். தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கிய நம் பெண்கள் நகைக்கடைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை. அண்மையில் அப்படியொரு கடையில் நின்றிருந்தேன். ஒரு மூதாட்டி பழைய சங்கிலியை நீட்டி, "இது முழுக்கப் பொன்னா, மேல்பூச்சா, பாத்துச் சொல்லு தம்பி" என்றார். "உரைச்சுப் பாத்தாத் தெரிஞ்சிடும் பாட்டி" என்று கடைக்காரர் உரைகல்லை எடுத்தார்.

எனக்கு வேறொரு பொருள் நினைவுக்கு வந்தது. கறுப்பாக இருக்கும் அதைத் தேய்த்து மெருகிட்டால் மேற்புறம் பொன்னிறமாகிவிடும். சூடாக்கினால் மீண்டும் கறுத்துவிடும். மந்திரமல்ல, வாசகர்களே! சமாரியம் சல்ஃபைடு என்பது அதன் பெயர்.

இதை ஆராய்ந்தவர்களில் முன்னோடி அ. ஜெயராமன். பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பழகி, பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 6,500 மடங்கு அழுத்தினால் இப்பொருள் முழுவதுமே கறுப்பிலிருந்து பொன்னிறமாகிறது என்று 1970இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் அறிவித்தார்கள். நிறம் மாறுவதோடு நிற்கவில்லை. அணுக்கள் நெருங்கியதும், கட்டுண்டு கிடந்த எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஓடுகின்றன. மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்திய பொருள் உலோகம் போல் கடத்தத் தொடங்குகிறது.

நம் வீட்டுப் பிரஷர் குக்கருக்குள் இருப்பது வெளிக்காற்றைப் போல் இரண்டு மடங்கு அழுத்தம்தான். அதற்கே பருப்பு குழைந்துவிடுகிறது. லட்சக்கணக்கான மடங்குக்கு எங்கே போவது? விடை இரண்டு வைரங்களில் இருக்கிறது. ஊசி முனை சிறியது என்பதால்தானே இலேசாகக் குத்தினாலும் ஏறுகிறது? அதே போல, இரண்டு வைரங்களின் சின்னஞ்சிறு முனைகளுக்கிடையே பொருளை வைத்துத் திருகாணியை முறுக்குகிறார்கள். வைரம் ஒளியை விடுவதால் உள்ளே நடப்பதைக் கண்ணாலும் பார்க்கலாம். 1958இல் அமெரிக்காவில் உருவான கருவி இது. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இதனால் நமக்கென்ன பயன் என்பீர்கள். சிங்கப்பூரின் மின்சாரத்தில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு இறக்குமதியாகும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அப்படிக் காசு கொடுத்து உண்டாக்கிய மின்சாரத்தில் ஒரு பகுதி, கம்பி வழியே வரும்போதே சூடாகி வீணாகிறது. சிறிதும் வீணாக்காத கம்பி கிடைத்தால்? அத்தகைய மீகடத்திகள் இருக்கின்றன. ஆனால் அவை கடுங்குளிரில்தான் வேலை செய்யும். 2019இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள், லாந்தனமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு பொருளை வைரங்களுக்கிடையே 17 லட்சம் மடங்கு அழுத்தத்தில் வைத்து, பூஜ்யத்துக்குக் கீழே 23 டிகிரியிலேயே அது மீகடத்தியாவதைக் காட்டினார்கள். வெப்பமானியில் அது பனி நாட்டுக் குளிர்தான்!

சிக்கல் எங்கே என்றால், அழுத்தத்தைத் தளர்த்தினால் அந்தக் குணம் போய்விடுகிறது. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இதை எளிதாகப் புரிந்துகொள்வார்கள். மங்குகளில் சேர்ந்த பாலை உறைய வைத்து உருளையில் கொடுத்தால் தகடாகிவிடும். பிறகு உருளையிலிருந்து எடுத்தாலும் தகடு தகடுதான். அதே ரப்பரில் செய்த பந்தை அமுக்கினால் நசுங்கும், கையை எடுத்தால் பழையபடி உருண்டை. வைரம் தகட்டைப் போன்றது. 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் கரியைச் சூடாக்கி அழுத்தி வைரமாக்கினார்கள். வெளியே எடுத்த பிறகும் அது வைரமாகவே இருந்தது. சமாரியம் சல்ஃபைடும் 2019இன் மீகடத்தியும் பந்தைப் போன்றவை. அழுத்தத்தை விட்டால் பழைய நிலைக்கே போய்விடுகின்றன.

கையை எடுத்த பிறகும் மாறாத மீகடத்தி கிடைத்தால்தான் அது மின்கம்பியாகி நம் வீட்டுக்கு வரும். உலகெங்கும் ஆய்வாளர்கள் தேடுவது அதைத்தான். இன்றிரவு குக்கர் விசில் அடிக்கும்போது, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். தேடுகிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒருவராகட்டும்.

பாட்டியின் சங்கிலி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். உரைத்துப் பார்த்ததில் முழுக்கப் பொன்தான்!