உடம்பு வாகு இல்லையாம்ல!

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் திருவாய் மலர்ந்தார். "தமிழனுக்கு புட்பால் சரிப்படாதுப்பா. உடம்பு வாகு இல்ல. கேரளாக்காரன் பொறப்புலயே வேற." சுத்தி நின்ன நாலு பேரும் தலையாட்டினாங்க. எனக்கு வடை தொண்டையில் சிக்கிச்சு. அங்கே சொல்ல முடியாததை இங்கே கொட்டிடறேன் மக்களே.

கேரளா 2022 வரைக்கும் 7 தடவை சந்தோஷ் டிராபி ஜெயிச்சிருக்கு. நாம? முட்டை. 2012ல் பைனல் வரை போய் சர்வீசஸ் கிட்ட தோத்தோம். ஒத்துக்கறேன்.

ஆனா அந்த ஏழுல முதல் கோப்பை எப்போ? 1973, எர்ணாகுளம். ரயில்வேஸை 3-2ன்னு ஜெயிச்சாங்க, மூணு கோலும் கேப்டன் மணி. அந்த டீமுக்கு கோச் யாருங்கறீங்க? சைமன் சுந்தரராஜ். நம்ம தஞ்சாவூர்க்காரர், 1960 ரோம் ஒலிம்பிக்ஸுக்குப் போனவர். வாகு இல்லாத ஊர்க்காரர் போய் வாகு உள்ள ஊருக்கு முதல் கோப்பை வாங்கிக் குடுத்திருக்கார் :-)

'மலபார்ல செவன்ஸ் ஆட்டத்துக்கே கூட்டம் அள்ளும், அது கணக்குல இல்லையா'ன்னு பின்னூட்டம் வரும். இருக்கு சாமி. ஆனா அந்தக் கூட்டம் 1973க்கு முன்னாடியும்தானே இருந்தது?

ரோமில் சைமனுக்கு கோச் சையது அப்துல் ரஹீம். 2024ல் 'மைதான்' படம் வந்ததும் எல்லாரும் விமர்சனம் எழுதினோமே, அதே ரஹீம். ஹைதராபாத் ஸ்கூல் வாத்தியார். வராத காலால மட்டும் உதைக்கணும்னு போட்டி வச்சு ஆளுங்களைத் தயார் பண்ணவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஸ்டாப்பர் பேக் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைஞ்சு தையல் போட்டிருக்கு. வேற கோச்சா இருந்தா உட்கார வச்சிருப்பார். இவர் அந்த ஆளைத் தூக்கி முன்வரிசையில் போட்டார். பைனலில் கொரியாவை 2-1ன்னு ஜெயிச்சோம், அதுல ஒரு கோல் ஜர்னைலோடது. கோல் போஸ்ட்ல நின்னது மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ். அடுத்த வருஷமே ரஹீம் புற்றுநோய்ல போயிட்டார். 1970 வெண்கலத்துக்கு அப்புறம் ஆசிய விளையாட்டு புட்பால்ல இந்தியாவுக்குப் பதக்கமே இல்லை. பிளேயரோட வாகு ஒரே வருஷத்துல மாறிடுமா என்ன?

ஏன் இவ்வளவு சூடாகறேன்னா, எனக்கும் ஒரு மாஸ்டர் இருந்தார். ஆவடிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், பேர் வேண்டாம். நான் அங்கே ரைட் பேக். "டேய், பந்தைப் பார்க்காத, அவன் இடுப்பைப் பாரு. கால் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது"ம்பார். கோல் போட்டவனைத் தட்டிக்கூடக் குடுக்க மாட்டார். கோல் விழாம பார்த்துக்கிட்ட எங்க நாலு பேருக்கு மட்டும் சொந்தக் காசுல பன் பட்டர் ஜாம். அவர் பதினெட்டு வருஷமும் தொகுப்பூதியம்தான். நான் பைனல் இயர் படிக்கும்போது எங்க கிரவுண்ட் காலேஜ் பஸ் நிறுத்துற இடமாச்சு. 'கிரவுண்ட் இல்லாத காலேஜுக்கு கோச் எதுக்கு'ன்னு அவரை அனுப்பிட்டாங்க. அந்த வருஷம் பிளேஸ்மென்ட் செல்லுக்குப் புதுசா ஏசி போட்டாங்க. அதில் உட்கார்ந்துதான் நானும் வேலை வாங்கினேன், அதையும் சொல்லிடணும்.

அதே வருஷம் ஜோனல்ல 6-0ன்னு வாங்கினோம். பார்க்க வந்த ஒரு லெக்சரர் அடிச்ச கமெண்ட் என்ன தெரியுமா? "நம்ம பசங்களுக்கு உடம்பு வாகு பத்தல."

மாஸ்டர் இப்போ பட்டாபிராம் பக்கம் ஒரு காலி மனையில் ஞாயித்துக்கிழமை காலைல பதினஞ்சு பொடிசுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறார். காசு வாங்கறதில்ல. மனைக்காரர் வீடு கட்ட ஆரம்பிக்கிற வரைக்கும் ஓடும்ங்கறார். சைஸ் 3, 4ல பழைய பூட்ஸ் யார் வீட்லயாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.