யார் தோளில் ஏறினார் தலைவர்?

தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் அமைச்சராகிவிட்டால் நம் தோழர்களுக்கு மெய்சிலிர்த்துவிடுகிறது. உழைக்கும் வர்க்கமே நாற்காலியில் ஏறிவிட்டதாகப் பதிவு போடுகிறார்கள். ஏறியவர் யார், யார் தோள்மீது ஏறினார் என்று கேட்டால், "எதற்கெடுத்தாலும் சாதியா?" என்கிறார்கள். ஆம் தோழர்களே, இதிலும் சாதிதான்.

எங்கள் தளவாய்புரத்தில் ஆச்சிகளின் தலைமுறை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைக் கண்டிச்சீமை என்றே சொல்லும். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பாட்டி எங்கள் தெருவில் இருந்தார். சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார். அடுத்த மூச்சிலேயே, கங்காணி வீட்டுத் திண்ணையில் தன் அப்பா உட்கார முடியாத கதையைச் சொல்வார். ஆய்வு மாணவனாக மலையக வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தக் கும்பிடும் அந்தத் திண்ணையும் ஒரே கதை என்று புரிந்தது.

தொண்டமானின் தந்தை கருப்பையா கூலியாகப் போய், கங்காணியாகி, வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். கள்ளர் குடும்பம். தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், அருந்ததியர். கூலியில் பிடிக்கப்பட்ட சங்கச் சந்தா அவர்களுடையது. சங்கத் தலைமையோ ஒரு தோட்ட முதலாளியின் மகனுக்கு. 2002இல் பிரேசிலின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லூலா, உலோக ஆலை விபத்தில் விரலை இழந்த தொழிலாளி. நமக்கு வாய்த்த தலைவரோ தோட்டத்துக்குச் சொந்தக்காரர்.

அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 1947இல் நுவரெலியாவில் வென்று நாடாளுமன்றம் போனார். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் அந்த மக்களைக் கேட்காமலேயே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். தொண்டமான் எதிர்த்தார். 1978இல் அமைச்சரானார். 1986இல் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தி, எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை பெற அரசை நெருக்கினார். இது பெரிய காரியம். பாட்டியின் கும்பிடு இதற்குத்தான்.

ஆனால் வாக்குரிமை திரும்பியபோது அது யாருக்கு லாபமானது? சங்கமே கட்சி, சந்தாதாரரே வாக்காளர். ஆட்சி மாறினாலும் தொண்டமான் 1999இல் இறக்கும்வரை அமைச்சராக நீடித்தார். அவருக்குப் பின் பேரன் ஆறுமுகன், பிறகு கொள்ளுப்பேரன் ஜீவன் என்று 2024வரை அமைச்சர் பதவி குடும்பத்துக்குள்ளேயே சுற்றியது. நாள் கூலி 1,000 ரூபாய்க்காகத் தொழிலாளர்கள் 2021வரை காத்திருந்தார்கள். லயத்து வீடுகளில் பிறந்து அங்கேயே செத்தவர்களுக்கு, அந்த வீடு நின்ற மண் சொந்தமாகவில்லை. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியும் அந்தச் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

சிங்களப் பேரினவாதத்தை எதிர்க்கும்போது சாதியைப் பேசினால் ஒற்றுமை குலையும் என்பார்கள். குடியுரிமையைப் பறித்த சட்டம் சாதி பார்க்கவில்லை, உண்மைதான். ஆனால் திண்ணை பார்த்தது. எல்லாரும் சேர்ந்து அடிவாங்குவதும், ஒரு சாதி மட்டும் தலைமை தாங்குவதும் ஒற்றுமை என்றால், அந்த ஒற்றுமை யாருக்குத் தேவை?

எங்கள் ஊரில் நைட்டி தைக்கும் கூடங்களில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாளை அவர்களுக்கு ஒரு சங்கம் எழும்போது, யாரைத் தலைவராக்குவது என்பதைச் சந்தா கட்டும் முன்பே பேசிவிட வேண்டும். கூலி கேட்பவரும் கூலி கொடுப்பவரும் ஒரே சாதிச் சொந்தக்காரர்களாக எதிரெதிரே உட்கார்ந்தால், அதற்குப் பெயர் பேச்சுவார்த்தை அல்ல, சம்பந்தம் பேசுவது.