சிவப்பு நிறம் கிருமியைக் கொல்வதில்லை

கேரளத்து உணவகத்தில் அமர்ந்தவுடன் நம் முன் வைக்கப்படுவது இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குவளை வெந்நீர். பதிமுகக் கட்டையின் சீவலை இட்டுக் கொதிக்கவைத்த நீர் அது. அந்நீர் புற்றைத் தீர்க்கும், குருதியைத் தூய்மையாக்கும், எந்தத் தண்ணீரையும் குடிக்கத் தகுந்ததாக்கும் என்று அன்றாடம் பகிரப்படும் பதிவுகளைக் கண்டபின் வாளாவிருக்க இயலவில்லை. மரபைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டு மரபின் அறிவையே இவர்கள் கைவிடுகிறார்கள்.

சப்பங்கம் என்றும் பெயர்பெற்ற இம்முள்மரத்தின் பெருமைக்குப் பொய் தேவையில்லை. அதன் வைரக்கட்டையிலுள்ள பிரேசிலின் என்னும் பொருள் காற்றுப்பட்டுச் செஞ்சாயமாகிறது. ஆசியாவிலிருந்து சென்ற இக்கட்டையை இடைக்கால ஐரோப்பியர் 'பிரேசில்' என்றே அழைத்தனர். அதையொத்த சாயமரம் தென்னமெரிக்காவில் கிடைத்தபோது அம்மரமும், அதன்வழி அந்த நாடும் அப்பெயர் பெற்றன. சாவகத்தில் இன்றும் இக்கட்டையை இஞ்சியோடு காய்ச்சிப் பருகுகிறார்கள்.

கேரளத்தார் இதனைத் தாகசமனி என்றனர். தாகம் தணிப்பது என்பது பொருள். சுக்கு, ஏலம், வெட்டிவேர், கருங்காலி ஆகியவற்றோடு சேர்த்துக் கொதிக்கவைத்தனர். கொதிக்கவைத்தனர் என்பதே இங்கு முதன்மையான சொல். கிருமியைக் கொன்றது அடுப்பு. கட்டை தந்தது நிறமும் சுவையும்.

ஐயமிருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்நீரில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாகும். சிறிது சமையல் சோடா இட்டால் சிவப்பு ஆழமாகும். நீரின் புளிப்பையும் காரத்தையும் மட்டுமே அந்நிறம் காட்டும். கிருமி உண்டா இல்லையா என்று அது ஒருபோதும் சொல்லாது.

இதை வெறும் சொற்போர் என்று ஒதுக்க முடியாது. 2024இல் எறணாகுளம் மாவட்டத்து வேங்ஙூரில் குடிநீர்வழி மஞ்சள் காமாலை பரவியது. அந்நோயைத் தரும் ஹெபடைடிஸ் ஏ நச்சுயிரி 85 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு நிமிடத்தில் செயலிழக்கும், இளஞ்சூட்டில் பிழைத்திருக்கும். காய்ச்சிய நீரில் பச்சைத் தண்ணீரைக் கலக்காதீர்கள் என்று கேரளச் சுகாதாரத் துறை எச்சரித்தும், சூடு தணிக்கக் குழாய்நீரைக் கலக்கும் வழக்கம் ஒழியவில்லை. ஓர் உணவகத்தின் பின்கட்டில் நானே அதைக் கண்டேன். கலந்த பின்னும் நீர் சிவப்பாகவே இருந்தது. பருகியவர்கள் மருந்தென நம்பிப் பருகினர்.

ஆய்வகத்தில் இக்கட்டையின் சாறு நுண்ணுயிர்களை அடக்கியதைச் சிலர் சான்று காட்டுவர். செறிந்த சாறு வேறு, ஒரு குடம் நீரில் மிதக்கும் நான்கு சீவல் வேறு. ஆயுர்வேதத்தின் பத்மகத்தைச் சிலர் சான்றுக்கு அழைப்பர். பத்மகம் என்று பெரிதும் கொள்ளப்படுவது இமயமலைச் செர்ரி மரம்; அதன் குணங்களைப் பெயரொப்புமையால் பதிமுகத்தின்மேல் ஏற்றுவது மருத்துவமாகாது.

பதிமுகநீரைப் பருகுங்கள்; நானும் விரும்பிப் பருகுகிறேன். ஆனால், குவளையின் நிறத்தைப் பார்த்து நிறைவடையாமல், நீர் தளதளவெனக் கொதித்ததா, கொதித்தபின் எதைக் கலந்தீர்கள் என்று கேளுங்கள். நம் பாட்டிமார் கட்டையை நம்பி அடுப்பை அணைத்தவர்கள் அல்லர்.