முரளி எங்கட ஆளா? ஒரு கணக்காளரின் பதில்

செப்டெம்பரில் இலண்டனின் வடமேற்கே ஒரு பூங்காவில் எமது பழைய மாணவர் சங்கத்தின் இவ்வாண்டுக் கடைசித் துடுப்பாட்டப் போட்டி நடந்தது. ஆட்டம் முடிந்து ரோல்ஸும் தேநீரும் கைமாறிக்கொண்டிருந்தபோது வழமையான கதை தொடங்கியது. இலங்கை அணியின் வரலாற்றில் ஆகச் சிறந்த வீரர் யார்? இங்கே பிறந்த பொடியள் சங்கக்கார என்றார்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு உலகக் கிண்ணத்தைப் பார்த்தவர்கள் அரவிந்த என்றார்கள். ஒருவர் முத்தையா முரளிதரன் என்று சொன்னவுடன், என் வயதுடைய நண்பர் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவரின்ர பேரை இஞ்ச எடுக்காதேங்கோ" என்று எழும்பிப் போய்விட்டார்.

பேச்சு அறுந்துபோனது. நண்பரின் மகன்தான் என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்கள் அக்கவுண்டன் தானே, நீங்களே கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ" என்றான். அன்று நான் மழுப்பிவிட்டேன். இந்தக் கட்டுரை அவனுக்கான பதில்.

முதலில் ஆட்டக் கணக்கு. இலங்கை 1982 பெப்ரவரியில் தனது முதலாவது டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராகக் கொழும்பில் ஆடியது. நாலு தசாப்தத்துக்குச் சற்று மேலான இந்த வரலாற்றில் முதலிடத்துக்குப் போட்டியிடக்கூடியவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவர். அரவிந்த டி சில்வா 1996 மார்ச் 17 அன்று லாகூரில், உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் மூன்று விக்கெட்டுகளும் எடுத்தார். சனத் ஜயசூரிய ஒருநாள் போட்டிகளில் 13,430 ஓட்டங்களையும் 323 விக்கெட்டுகளையும் ஒரே பேரேட்டில் எழுதியவர். மஹேல ஜயவர்தன 2006 இல் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 374 ஓட்டங்கள் குவித்தார். ஆனாலும் கடைசிச் சுற்றில் மிஞ்சுபவர்கள் இருவர்தான்: சங்கக்கார, முரளிதரன்.

சங்கக்காரவின் கணக்கு பிழை சொல்ல முடியாதது. 134 டெஸ்ட், 12,400 ஓட்டங்கள், சராசரி 57.40, சதங்கள் 38, அவற்றில் இரட்டைச் சதமோ அதற்கு மேலோ 11. விக்கெட் காப்பாளராக நிற்காமல் ஆடிய 86 போட்டிகளை மட்டும் எடுத்தால் சராசரி 66 ஐத் தாண்டுகிறது.

முரளியின் கணக்கில் முதல் வரி எல்லோருக்கும் தெரியும்: 133 டெஸ்ட், 800 விக்கெட். கணக்காளன் அந்தத் தொகையை அப்படியே ஏற்கக் கூடாது, கழிக்கவேண்டியதைக் கழிக்கவேண்டும். ஐந்து விக்கெட்டுகள் 2005 இல் சிட்னியில் உலக அணிக்காக எடுக்கப்பட்டவை. எனவே இலங்கைக்காக 795. பங்களாதேசத்திடமும் சிம்பாப்வேயிடமும் 25 போட்டிகளில் 176 எடுத்தார் என்பது பொதுவான குற்றச்சாட்டு. சரி, அதையும் முழுதாகக் கழிப்போம். 800 இலிருந்து 176 போனால் 108 போட்டிகளில் 624. ஒரு போட்டிக்கு 5.78 விக்கெட். ஷேன் வார்னுக்கு எதையுமே கழிக்காமல் பார்த்தால் 145 போட்டிகளில் 708, அதாவது போட்டிக்கு 4.88. முரளியின் பாதகப் பக்கமும் உண்டு. அவுஸ்திரேலிய மண்ணில் ஐந்து டெஸ்டுகளில் 12 விக்கெட்டுகள்தான், சராசரி 75. ஆனால் இங்கிலாந்தில் ஆறு டெஸ்டுகளில் 48 விக்கெட், சராசரி 19.20. சொந்த ஆடுகளத்தில் மட்டும் எடுத்தவர் என்ற கதை இங்கே நிற்காது.

இலங்கைக்கு அடுத்ததாக அதிக டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் ரங்கன ஹேரத், 433. இரண்டாவது இடத்தில் இருப்பவருக்கும் முதலிடத்துக்கும் இவ்வளவு பெரிய இடைவெளி துடுப்பாட்டப் பக்கத்தில் இல்லை; சங்கக்காரவுக்குப் பின்னால் ஜயவர்தன 11,814 ஓட்டங்களுடன் நிற்கிறார். ஆகவே ஆட்டக் கணக்கில் என் முடிவு முரளிதரன். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் எழும்பிப் போன நண்பர் ஆட்டக் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. அவர் வன்னியிலிருந்து வந்தவர். 2009 இல் தன் குடும்பத்தில் சிலரைத் தொலைத்தவர். அவருடைய பேரேடு வேறு.

அந்தப் பேரேட்டில் என்ன இருக்கிறது? 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்குப் போன பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரன் யாழ்ப்பாணம் சென்று காணாமற்போனோரின் தாய்மாரைச் சந்தித்தார். அந்த நாட்களிலேயே முரளிதரன், பிரதமர் தவறாக வழிநடத்தப்பட்டிருக்கிறார், வடக்கில் நிலைமை முன்னேறியிருக்கிறது என்ற பொருளில் பேசினார். 2019 இல் கோத்தபாய ராஜபக்சவுக்கு ஆதரவான மேடையில், போர் முடிந்த 2009 ஐத் தன் வாழ்வின் மகிழ்ச்சியான காலமாகக் குறிப்பிட்டதாகச் செய்திகள் வந்தன. 2020 இல் அவரது வாழ்க்கைப் படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதற்குத் தமிழகத்திலும் புலத்திலும் எழுந்த எதிர்ப்புக்கு இதுவே காரணம். அப்போது முரளிதரன் ஓர் அறிக்கை விட்டார். இரு பக்கமும் உயிரிழப்பு நின்றதையே மகிழ்ச்சி என்றேன், அப்பாவிகளின் கொலையை ஒருபோதும் ஆதரித்ததில்லை என்று விளக்கினார். நடிகரை விலகிக்கொள்ளும்படியும் அவரே கேட்டுக்கொண்டார். விளக்கம் விளக்கந்தான். ஆனால் முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் புதைத்த தாய்க்கு அந்த ஆண்டைப் பற்றி மகிழ்ச்சி என்ற சொல் எந்தப் பொருளிலும் பொருந்தாது. நண்பரின் கோபத்தை நான் பிழை சொல்லமாட்டேன்.

இனி மூன்றாவது பேரேடு. இதை நாம் திறப்பதே குறைவு. முரளிதரன் யாழ்ப்பாணத்தவர் அல்லர். தேயிலைத் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழியில் 1972 இல் கண்டியில் பிறந்தவர். 1977 வன்செயலில் அவருடைய குடும்பமும் தாக்கப்பட்டது. தகப்பனாரின் பிஸ்கற் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. அந்தச் சமூகத்தின் குடியுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்போது எமது தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் அமைச்சர். அதை எதிர்த்துப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலையகத்தை நாம் எல்லோரும் கைவிட்டோம் என்று சொல்லமாட்டேன். எல்லோரும் கூட நின்றோம் என்றும் சொல்ல முடியாது. ஊரில் "தோட்டக்காட்டார்" என்ற சொல் எம் வீடுகளில் எப்படிப் புழங்கியது என்பது என் வயதுக்காரருக்குத் தெரியும். இன்று எமக்காகப் பேசவில்லை என்று முரளியிடம் கணக்குக் கேட்கும்போது, அவருடைய மக்களுக்காக நாம் எப்போது பேசினோம் என்ற பக்கமும் திறந்திருக்க வேண்டும். அது அவர் சொன்னதைச் சரியாக்காது. கேட்கும் எமது குரலைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான்.

என் தொழிலில் ஓர் அடிப்படை விதி உண்டு. ஐந்தொகையில் சொத்தையும் பொறுப்பையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் காட்டக் கூடாது. வங்கியில் பத்தாயிரம் பவுண் இருக்கிறது, எட்டாயிரம் கடன் இருக்கிறது என்றால், இரண்டாயிரம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக முடியாது. இரண்டையும் முழுத் தொகையோடு காட்டவேண்டும். எம்மவர் முரளியைப் பற்றிக் கதைக்கும்போது செய்வது இந்தக் கழித்தலைத்தான். ஒரு பகுதியினர் 2013 ஐயும் 2019 ஐயும் காட்டி 800 ஐ அழிக்கப் பார்க்கிறார்கள். இன்னொரு பகுதியினர் 800 ஐக் காட்டி அந்தப் பேச்சுகளை மறைக்கப் பார்க்கிறார்கள். கொழும்பு அரசுகளும் இதையே செய்தன: உலகின் முதல் பந்துவீச்சாளர் தமிழர், ஆகவே இந்த நாட்டில் இனப்பிரச்சினை இல்லை என்று. ஒரு மனிதனின் விரல்களிலிருந்து ஒரு நாட்டுக்கு நற்சான்றிதழ் எடுக்க முடியாது.

இது எனக்கும் இலகுவாக வந்த தெளிவு அல்ல. 1998 ஓகஸ்ட் 31, வங்கி விடுமுறைத் திங்கட்கிழமை. அகதி விண்ணப்பம் முடிவில்லாமல் கிடந்த காலம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல் ஓவல் மைதானத்துக்குப் போனேன். முதல் இன்னிங்ஸில் ஏழு விக்கெட் எடுத்திருந்த முரளி அன்று கணக்கை 65 ஓட்டங்களுக்கு ஒன்பது என்று முடித்தார். போட்டியில் மொத்தம் 16. இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர், "உங்கட ஆளா?" என்று கேட்டார். சுற்றிலும் சிங்கக்கொடி. அதே கிழமைகளில் வன்னியில் ஜயசிக்குறு நடவடிக்கை நடந்துகொண்டிருந்தது. என் அக்கா குடும்பம் அங்கேதான். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 2013 ஜூனில் அதே ஓவலுக்கு இன்னொரு தடவை போனேன். இலங்கை அவுஸ்திரேலியாவுடன் ஆடியது. நான் வாசலுக்கு வெளியே, பதாகை பிடித்தவர்களோடு நின்றேன். உள்ளே விக்கெட் விழும் சத்தம் கேட்டபோது யாருடையது என்று அறியத் தலை தானாகத் திரும்பியது. அதற்காக வெட்கப்பட்டேன். இப்போது வெட்கப்படவில்லை.

இந்த விவாதம் இப்போது ஏன் அவசியம்? 2025 செப்டெம்பர் 1 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் செம்மணியில் கண்டெடுக்கப்பட்ட அதே ஆண்டு இது. மண்டைதீவும், 1990 இல் காணாமற்போன இளைஞர்களின் குடும்பங்கள் இன்றுவரை பதில் கேட்கும் மண். மைதானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் 1904 முதல் மோதிவரும் ஊர் அது. மத்திய கல்லூரிப் பொடியன் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2023 ஆசிய விளையாட்டில் இலங்கைக்காகவும், 2024 இல் ஐபிஎல் போட்டியில் ஹைதராபாத்துக்காகவும் பந்துவீசிவிட்டான். அவனுக்குப் பின்னால் வருபவர்களுக்கு நல்ல ஆடுகளம் வேண்டும். ஆனால் மைதானத்தைத் திறந்துவிட்டுப் புதைகுழியை மூட வருவார்களானால், அது பழைய கழித்தல்தான். மைதானம் ஒரு வரி, செம்மணி இன்னொரு வரி. இரண்டும் முழுத் தொகையோடு நிற்கவேண்டும்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். இலங்கை அணியின் வரலாற்றில் ஆகச் சிறந்த வீரர் முரளிதரன். அடுத்தவர் சங்கக்கார. முரளி எங்கட ஆளா என்று அந்தக் கிழவர் இன்று கேட்டால், ஓம், எங்கட ஆள்தான், அவரோடு எங்களுக்குத் தீராத வழக்கும் இருக்கிறது என்று சொல்வேன். இதை உன் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு. அடுத்த கோடையில் அவர் எழும்பிப் போனால், நீ பின்னால் போய் அவரோடு கொஞ்ச நேரம் இரு. வன்னியில் என்ன நடந்தது என்று கேள். எண்களை நான் பிறகு சொல்லித் தருகிறேன்.